உறவு தொடங்கிய தேதி

வளப்பூர் நாடு,
கொல்லிமலை.
2 ஜூன் 2024

ராசாமணிக்கு,

இங்கு நானும் உன் அண்ணி கோகிலாவும் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளை தனபாலும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடிதம் என்றால் சுகம் விசாரிக்க வேண்டும். விசாரித்தாயிற்று.

இதை நானாக எழுதவில்லை. உங்கள் விசா ஆலோசகர் யமுனா என்கிற பெண் என் மகளிடம் போனில் சொன்னாளாம்: இரண்டு குடும்பமும் ஒட்டி உறவாடுவதற்குச் சான்று வேண்டும், போன் பேச்சு சான்றாகாது, தபால் முத்திரை விழுந்த கடிதங்கள் இருந்தால் ஃபைலுக்குப் பலம் என்று. ஆகவே உன்னோடு ஒட்டி உறவாடிக்கொண்டிருக்கிறேன். இதை மொழிபெயர்த்துப் படிக்கப்போகும் கனடா அதிகாரிக்கும் என் வணக்கம்.

உன் மகன் ரமேஷ்குமார் போன வருடம் பலாப்பழ சீசனில் வந்து இரண்டு நாள் இருந்தான். நான் மிளகுத் தோட்டத்தில் வேலையாக இருந்தேன். அவன் யாரிடம் என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தபோது பூங்குழலி முடிவெடுத்து முடித்திருந்தாள். சேலத்தில் நர்ஸாக இருந்து தன் சம்பளத்தில் நிற்கிற பெண். அவளிடம் என் எம்.ஏ. செல்லுபடியாகாது. மேலும் முறை என்று ஒன்று இருக்கிறது. தங்கை மகனுக்குப் பெண் கேட்டால் இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. அவ்வளவுதான் என் சம்மதம். அதற்குள் வேறு எதையும் தேடாதே.

இப்போது என்னடாவென்றால், கல்யாணத்துக்குச் சான்றிதழ் இருந்தால்தான் விண்ணப்பம், விண்ணப்பம் போட்டால்தான் விசா, விசா வர ஒரு வருடம். அதனால் ஆகஸ்டில் மாலை மாற்றிப் பதிவு செய்வது, அடுத்த வைகாசியில் ஊரைக் கூட்டித் தாலி கட்டுவது. ஒரே பெண்ணை ஒரே பையனுக்கு இரண்டு தடவை கட்டிக் கொடுக்கிற முதல் ஆள் இந்த மலையில் நானாகத்தான் இருப்பேன். அதில் முதல் தடவை ஆடி மாதத்தில்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெண்ணின் தகப்பன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்வேன். ஆனால் மாப்பிள்ளைக்குத் தாய்மாமனாக நின்று முதல் மாலை போடச் சொல்லாதே. உன் மகனுக்குக் காது குத்திய அன்று எவர் மடி கொடுத்தாரோ, அந்த வெங்கிடுசாமியையே கூப்பிட்டு மாலையும் போடச் சொல்.

இப்படிக்கு,
அர்த்தனாரி


சாஸ்கட்டூன், கனடா.
28 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு ராசாமணி எழுதுவது. நாங்கள் நலம். அண்ணிக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? உங்களுக்குக் காலையில் வரும் இருமல் நின்றதா என்று பூங்குழலியிடம் கேட்டேன். "அப்பா இருமுறது கோவத்துலீங்க அத்தெ, நிக்காது" என்கிறாள்.

தபால் பெட்டியைத் திறந்ததும் உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். உடனே பிரிக்கவில்லை. அரிசி ஊறப் போட்டிருந்தேன். மாவை ஆட்டி எடுத்து வைத்துவிட்டுத்தான் பிரித்தேன்.

ஆடி என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். ரமேஷ் லாரி ஒர்க்ஷாப்பில் லீவு கேட்டால் ஆடி ஆவணி பார்த்தா கொடுக்கிறார்கள்? எனக்கு முட்டி ஆபரேஷன் ஆகி இப்போதுதான் நடக்கிறேன், பதிவுக்கு வர முடியாது. வைகாசிக்கு எப்படியும் வந்துவிடுவேன். கையெழுத்துக்கு ஆடி கிடையாது என்று இவர் சொல்கிறார்.

மாலை விஷயத்துக்கு இப்போது பதில் சொல்லவில்லை. காது குத்திய அன்று நடந்ததில் உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. எழுதலாம் என்று உட்கார்ந்தால், இதை அதிகாரியும் படிப்பாரே என்று கை ஓடவில்லை. ரமேஷ் வரும்போது அவன் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள் அண்ணா. அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
ராசாமணி


வளப்பூர் நாடு.
11 ஆகஸ்ட் 2024

ராசாமணிக்கு,

நாங்கள் நலம். உன் முட்டி ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். கோகிலாவின் மூட்டு அப்படியே இருக்கிறது. என் இருமலும் அப்படியே இருக்கிறது, காரணமும் அப்படியே இருக்கிறது.

பதிவு முடிந்தது. காரவள்ளி அடிவாரக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள், பிறகு கீழே ஆபீஸில் கையெழுத்து. அங்கே என்னைக் கண்டதும் குமாஸ்தா கேட்டான், "பொண்ணோட அப்பா நீங்களுங்களா?" ஆமாம் என்றேன். "மாப்பளைக்கு நீங்க என்ன வேணுமுங்க?" மாமன் என்றேன். "அது செரிங்க, கண்ணாலத்துக்கு முந்தி என்ன வேணுமுங்க?" முந்தியும் மாமன்தான் என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். சாட்சிக் கையெழுத்தை மட்டும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டான்.

உன் மகன் அன்று ராத்திரியே விமானம் ஏறப் போய்விட்டான். என் மகள் கழுத்தில் வாடிய மாலையோடு எங்களுடன் பஸ் ஏறினாள். பின் சீட்டில் மேலத் தெரு மாதம்மாள்.

"ஏனுங்க வாத்தியாரே, புள்ளைக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா, இல்லீங்களா?"

"பாதி ஆயிருக்குது."

"பாதின்னா எந்தப் பாதிங்க?"

வளைவுக்கு வளைவு அந்த பஸ்ஸே சிரித்தது. பூங்குழலியும் சிரித்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

முகத்தைப் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். மூக்கு தனபாலுடையது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம், யமுனா அனுப்பிய விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து பூர்த்தி செய்தேன். பூங்குழலிக்கு வார்டில் வேலை, உன் மகனுக்கு எப்போதும் அவசரம். வரலாறு நடத்துகிறவன் நான். தேதி எழுதுவதில் எனக்குப் பிழை வராது. என்னைவிட ஜூனியருக்குத் தலைமையாசிரியர் பதவி கொடுத்த இலாகாவுக்கு வேண்டுமானால் அது தெரியாமல் இருக்கலாம். கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில், சுத்தமான ஆங்கிலத்தில். யாரும் கை வைத்துக் கெடுக்க வேண்டாம் என்று யமுனாவிடம் சொல்.

அர்த்தனாரி


சாஸ்கட்டூன்.
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். அண்ணிக்குத் தைலம் ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் எழுத்தில் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. யமுனா ஏதோ ஒரு தேதி அச்சுப்பிழையோ என்று கேட்டாளாம். "எங்க மாமா எழுதுனது, தொடாதீங்க" என்று ரமேஷ் சொல்லிவிட்டான். உங்களைக் கண்டால் அவனுக்கு அவ்வளவு பயம்.

கல்யாணத்தை மலையிலேயே வைத்துக்கொள்ளலாம். கீழே மண்டபம் வேண்டாம். ரமேஷ் பஃபே என்கிறான்; நான் இலை என்று சொல்லிவிட்டேன். யமுனா இன்னொன்றும் சொன்னாள்: கல்யாண போட்டோவில் இரண்டு குடும்பமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். சிரித்தபடி. பிற்பாடு எதற்காவது கேட்டால் காட்ட வேண்டியிருக்குமாம்.

அண்ணா, மாலை எடுத்துக் கொடுக்கத் தாய்மாமன் இல்லாமல் என் பிள்ளை மணவறைக்கு எப்படிப் போவான்? வெங்கிடுசாமி நல்ல மனிதர். இவருக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்த முதலாளி. ஆனால் அவர் எனக்கு அண்ணன் இல்லையே.

ராசாமணி


வளப்பூர் நாடு.
6 அக்டோபர் 2024

ராசாமணிக்கு,

நலம். தைலம் வந்தது. கோகிலா தேய்த்துக்கொள்கிறாள், வீடு முழுக்கக் கற்பூர வாடை. குணம் தெரிகிறது என்கிறாள். உனக்காகச் சொல்கிறாளோ என்னவோ.

இலை என்பது சரி. மற்றதில் எதுவும் சரியில்லை. சமையல்காரன் வைகாசியில் மலைக்கு வரமாட்டேன் என்கிறான், மழை பிடித்தால் வளைவில் வண்டி நின்றுவிடுமாம். மேளக்காரன் வருகிறானாம், ஆனால் விசா வந்துவிட்டதா என்று கேட்கிறான். மேளத்துக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம்? "விசா வல்லீன்னா கண்ணாலத்தத் தள்ளி வெச்சுருவீங்கல்லங்க, அதுக்குத்தான் கேட்டனுங்க" என்கிறான். இந்த ஊரில் என்னைத் தவிர எல்லோரும் அந்த ஃபைலைப் படித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மருத்துவப் பரிசோதனைக்குப் பூங்குழலி சென்னை போய் வந்தாள். தினம் நூறு பேருக்கு ஊசி போடுகிறவளை நிற்க வைத்து நெஞ்சைப் படம் எடுத்திருக்கிறார்கள். கோகிலா இப்போதே அவள் துணிகளைப் பிரித்து அடுக்குகிறாள், குளிருக்கு இது, வெயிலுக்கு இது என்று. நான் சத்தம் போட்டேன். விசா வராத பெண்ணுக்குப் பெட்டி எதற்கு? அவள் அறையில் அலமாரி அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பத்திரிகை மாதிரியை அச்சகத்து ராசப்பன் கொண்டு வந்தான். நீ அனுப்பிய வாசகமாம். "சார், ஒரே பேர் ரெண்டு எடத்துல வருதுங்க. பொண்ணுக்கு அப்பான்னு ஒருக்கா, மாப்பளைக்குத் தாய்மாமன்னு ஒருக்கா. தப்புங்களா?" என்றான். "ரெண்டாவதை அடிச்சுருங்க" என்றேன். "அந்த எடத்துல வேற பேருங்களா?" என்றான். "அதை மாப்பிள்ளை வீட்டுல கேட்டுக்கங்க" என்றேன். ஆகையால் அந்த வரி இப்போது காலியாக இருக்கிறது. உன் இஷ்டப்படி நிரப்பிக்கொள்.

அர்த்தனாரி


சாஸ்கட்டூன்.
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியும் நீங்களும் நலமா? நான்கு மாதமாக எழுதவில்லை. காலி வரியை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன். இப்போது அதைவிடப் பெரிய விஷயம். பூங்குழலி போனில் சொல்லியிருப்பாள். இருந்தாலும் முழுசாக எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

அதிகாரியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இரண்டு கேள்வி. விண்ணப்பத்தில், இருவருக்கும் உறவு தொடங்கிய தேதி என்ற இடத்தில் பெண் பிறந்த தேதி எழுதப்பட்டிருக்கிறதாம். அன்று மாப்பிள்ளைக்கு நான்கு வயது. இது எப்படி என்று விளக்க வேண்டுமாம். அடுத்தது, பிறந்தது முதலே உறவு என்றால், பதிவு நாளுக்கு முன் இரண்டு குடும்பமும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லாதது ஏன்? குடியேறுவதற்காக மட்டும் ஜோடித்த திருமணமோ என்று சந்தேகமாக இருக்கிறதாம். முப்பது நாளைக்குள் பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மறுத்துவிடுவார்கள். ஒரு தடவை மறுத்தால் அடுத்த தடவை இன்னும் கஷ்டம் என்கிறாள் யமுனா.

ரமேஷ் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்கிறான். இவர் காரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், வெளியே பனி கொட்டுகிறது.

உங்கள் கடிதங்களில் ஒன்றைக்கூட இதுவரை ஃபைலில் வைக்கவில்லை. எதை வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பூங்குழலி பிறந்தபோது நமக்குள் பேச்சு இல்லை. நான் குழந்தையைப் பார்க்க வரவில்லை, நீங்கள் சொல்லியும் அனுப்பவில்லை. அந்தத் தேதியை எப்படி அண்ணா எழுதினீர்கள்?

ராசாமணி


வளப்பூர் நாடு.
28 பிப்ரவரி 2025

ராசாமணிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. கூரியர்க்காரன் சோளக்காடு சந்தைப் பக்கம் காத்திருக்கிறான்.

எப்படி எழுதினேன் என்றால் பேனாவால் எழுதினேன். உறவு எப்போது தொடங்கியது என்று கேட்டார்கள், பதில் சொன்னேன். ஆசை எப்போது தொடங்கியது என்று கேட்க நினைத்தால் அப்படிக் கேட்க வேண்டியதுதானே? ஒரு பெண் பிறக்கிறாள். அவளுக்கு அத்தை மகன் ஒருவன் இருக்கிறான். அந்த நிமிடமே உறவு தொடங்கியாயிற்று. யாரும் வந்து தொடங்கி வைக்க வேண்டியதில்லை. அத்தையும் மாமனும் முகம் பார்க்காமல் இருக்கிறார்கள் என்பதற்காக அது நின்றும் போகாது. இது தெரியாதவர் கையில் என் மகளின் ஃபைல் இருக்கிறது.

போட்டோ ஏன் இல்லை என்றால், எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதை அந்த அதிகாரிக்கு விளங்க வைக்க ஒரு மணி நேரமாக ஆங்கிலத்தில் முயன்று மூன்று தாள் கிழித்தேன். 'மடி' என்று ஒரு சொல்லை எழுதினால், அது என்னவோ உட்காருகிற இடம் மாதிரி ஆகிவிடுகிறது. தமிழில் சொல்கிறேன்.

ஐயா, எங்களில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். ஊசி இறங்கும்போது பிள்ளை கத்திக்கொண்டு இறுக்கிப் பிடிப்பது மாமன் சட்டையைத்தான். அந்தப் பிடிக்காகவே அந்தச் சடங்கு. என் தங்கை மகனுக்கு ஒரு வயதில் காரவள்ளிக் கோயிலில் காது குத்து. தங்கை மாப்பிள்ளை தனபாலின் ஒர்க்ஷாப் ஆட்களுக்கு மலையேற முடியாது என்று கீழே வைத்தார்கள். நான் முதல் பஸ்ஸில் சீர்த் தட்டோடு கிளம்பினேன். பாதி மலையில் ஒரு வளைவில் பஸ் அச்சு முறிந்து நின்றது. அன்று போன் கிடையாது. தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினேன். வேட்டி கிழிந்தது, முழங்கால் சிராய்ந்தது. நான் போய் நின்றபோது பிள்ளையின் காதில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. நல்ல நேரம் போய்விடும் என்று வெங்கிடுசாமி என்கிற ஒர்க்ஷாப் முதலாளி மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். பந்தியில் ஒருவன் சொன்னான், "வாத்தியாரு மெதுவா மணியடிச்சுட்டு வாராருங்கோ." எல்லோரும் சிரித்தார்கள். என் மாப்பிள்ளையும் சிரித்தார். தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இதுதான் போட்டோ இல்லாத காரணம்.

ராசாமணி, மேலே உள்ளதை ஃபைலில் வைக்காதே. எழுதாமல் இருக்க முடியவில்லை, எழுதினேன். அதிகாரிக்கு நாகரிகமாகத் தனித் தாளில் ஒரு பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். அதை மட்டும் அனுப்பு. பையனைச் சாப்பிடச் சொல்.

அர்த்தனாரி


சேலம்.
9 மார்ச் 2025

அன்புள்ள அப்பாவுக்குப் பூங்குழலி எழுதுவது.

நான் நலம். அம்மா மாத்திரை போடுகிறாளா என்று பாருங்கள். போனில் சொன்னால் கத்துவீர்கள், அதனால் நானும் தபாலில் எழுதுகிறேன்.

நீங்கள் எழுதிய நாகரிகமான பக்கத்தை அனுப்பவில்லை. "இரு குடும்பத்தாரும் என்றென்றும் சுமுகமான நல்லுறவில்" என்று ஆரம்பித்திருந்தீர்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை, அதிகாரி எப்படி நம்புவார்? அத்தையிடமிருந்து உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் படம் பிடித்து வாங்கினேன். நீங்கள் படித்துவிட்டு அலமாரியில் பூட்டி வைத்த அத்தையின் கடிதங்களையும் அம்மா எடுத்துக் கொடுத்தாள். எல்லாவற்றையும் இங்கே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, ஒரு வரி விடாமல் மாற்றி முத்திரை வாங்கி அனுப்பிவிட்டேன். மூக்கு விஷயமும் போயிருக்கிறது. "இது எல்லாமே போகோணுங்களா?" என்று அவர் இரண்டு முறை கேட்டார்.

தேதிக்கு நான் தனியாக விளக்கம் எழுதினேன். முறைக்கு அப்பா எழுதிய தேதி சரி. எனக்கும் அவருக்கும் தொடங்கிய நாள் வேறு என்று. 2023 மே மாதம் அவர் நம் வீட்டில் பலாப்பழம் அறுக்கிறேன் என்று உட்கார்ந்து, கை, சட்டை, முடி எல்லாம் பால் ஒட்டி நின்றாரே, நீங்கள் தோட்டத்தில் இருந்த அன்று. "எண்ணெ தடவிட்டுத்தான் பழத்துல கை வெக்கோணும்னு உங்கம்மா சொல்லித் தரலீங்களா?" என்று கேட்டேன். "பலாப்பழம்னாவே அம்மா அழுதுருவாங்க. அதனால நான் கேக்கறதில்லீங்க" என்றார். அந்தப் பதிலில்தான் தொடங்கியது, அப்பா. அதைத்தான் எழுதினேன்.

கோபப்பட வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இருமினால் வெந்நீர் குடியுங்கள்.

உங்கள் மகள்,
பூங்குழலி


வளப்பூர் நாடு.
13 மார்ச் 2025

பூங்குழலிக்கு,

நலம். மாத்திரை போடுகிறாள்.

நீ செய்தது சரியில்லை. வீட்டுக்குள் இருக்க வேண்டியதை முத்திரை குத்தி நாடு கடத்தியிருக்கிறாய். இனி உன் அத்தைக்கு நான் எழுதுவதாக இல்லை. எழுதினால் அது எந்த ஆபீஸில் போய் விழுமோ.

மிளகு காய்கிறது. மழை வந்தால் அள்ள ஆளில்லை, நீ இருந்தால் அள்ளுவாய். சொல்வதற்காகச் சொல்லவில்லை, ஆளில்லை என்கிறேன்.

பலாப் பால் சட்டையில் பட்டால் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து வெந்நீரில் அலச வேண்டும். போயிற்றா?

அப்பா


சாஸ்கட்டூன்.
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் கேட்டு எழுதினால் பதில் வராது என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன். நலமா?

விசா வந்துவிட்டது. பூங்குழலி சொன்னபோது நீங்கள் தோட்டத்துக்குப் போய்விட்டீர்களாம். காரணம் எதுவும் அவர்கள் எழுதவில்லை. யமுனா மட்டும் சொல்கிறாள், "இவ்வளவு கோபத்தை விசாவுக்காக யாராலும் ஜோடிக்க முடியாது" என்று. இனி எந்த அதிகாரியும் படிக்கப்போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அன்று நல்ல நேரம் முடிகிறது என்று என் மாமியார் அவசரப்படுத்தினார். பிள்ளையை வெங்கிடுசாமி மடியில் வைத்தார்கள். வலது காதைக் குத்தினார்கள். ரமேஷ் வீறிட்டான். நான் பிள்ளையைப் பறித்துக்கொண்டேன். "இன்னொரு காது எங்கண்ணன் மடீலதான், அவரு வார வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றேன். "ஒத்தக் காதோடயே நிக்கட்டும் போ" என்றார் மாமியார். அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். வலது காதைப் பார்த்தீர்கள். திரும்பிவிட்டீர்கள். ரோடு வரை ஓடி வந்து கூப்பிட்டேன் அண்ணா.

அவன் இடது காது இன்னும் குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஒற்றைக் காதன் என்று பெயர். பதிவு ஆபீஸ் போட்டோவில் நீங்கள் அவனுக்கு இடப்பக்கம்தான் நிற்கிறீர்கள், ஜன்னலைப் பார்த்தபடி. முகத்தைப் பார்க்கச் சொன்னேன், மூக்கோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எனக்கும் கோபம் இருந்தது. நீங்கள் வைத்துவிட்டுப் போன தட்டில் துணி இருந்தது, பழம் இருந்தது, கடுக்கன் இல்லை. மாமன் கடுக்கன் இல்லாமல் வந்தான் என்று மாமியார் கடைசி வரை சொல்லிக் காட்டினார். நானும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அதே கோயிலில் இடது காது குத்த வேண்டும். ரமேஷ் சம்மதித்துவிட்டான். உங்கள் மடி வேண்டும். இல்லையென்றால் அவன் அப்படியே மணவறையில் உட்காரட்டும். வேறு மடி தேடமாட்டேன்.

இவர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "அன்னைக்கு நேரத்தைப் பாத்தேனுங்க, ரோட்டைப் பாக்கலீங்க."

உங்கள் தங்கை,
ராசாமணி


வளப்பூர் நாடு.
4 மே 2025

தங்கை ராசாமணிக்கு,

இங்கு அனைவரும் சுகம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் மருமகனும் சுகமா? விமானத்தில் முட்டியை மடக்கிக்கொண்டே உட்காராதே, நடுவில் எழுந்து நட.

உன் யோசனை பைத்தியக்காரத்தனமானது. முப்பது வயது லாரி மெக்கானிக்கை மடியில் வைத்துக்கொள்ள நான் என்ன தேர் நிலையா? கோகிலா சொல்கிறாள், அவன் ஓரமாக உட்கார்ந்து பாரத்தைக் காலில் வைத்துக்கொண்டால் போதுமாம். அவன் எடை எவ்வளவு என்று எழுது. மேலத் தெரு மாதம்மாளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வழிமறித்துக் கேட்கிறாள், "மீதிப் பாதி காதுலீங்களா வாத்தியாரே?"

ராசப்பனிடம் போனேன். பத்திரிகை அச்சாகிவிட்டது, அந்த வரி காலியாகவே போய்விட்டதாம். ஒவ்வொன்றிலும் கையால் எழுதிக்கொள்ளச் சொல்கிறான். எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பெயரை நானே இத்தனை தடவை எழுத வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. என் கையெழுத்து மாணவர்களுக்குப் புரியும், மற்றவர்களுக்குப் புரிந்தால் சரி.

பூங்குழலியின் அலமாரியைக் கோகிலா காலி செய்துவிட்டாள். செய்யட்டும். துணி அங்கேதானே போக வேண்டும்.

கடுக்கனைப் பற்றி. மலை இறங்கும்போது தட்டிலிருந்து விழுந்துவிடும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திரும்பும்போதும் அது சட்டைப் பையிலேயே இருந்தது. நேற்று ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு வயதுப் பிள்ளைக்குச் செய்ததாம், இந்தக் காதுக்குத் தண்டு எட்டாதாம். இரண்டையும் நீட்டச் சொல்லியிருக்கிறேன். வலது காது தூர்ந்து போயிருந்தால் அதையும் என் மடியில் வைத்தே குத்திக்கொள்ளலாம்.

நான் காது குத்துக்கு முந்தின நாளே இறங்கி வந்து காரவள்ளியில் தங்கிவிடுவேன். அந்த பஸ்ஸை நம்புவதற்கில்லை.

உன் அண்ணன்,
அர்த்தனாரி